சிலுவைராஜுக்கு எடுத்த வகிடு

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் தமிழர் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், எந்தக் காகிதம் போகவேண்டியிருந்தாலும், அது சிவஞானத்தின் கைபட்டுத்தான் நகரும். மனு, மணியார்டர் பாரம், மெயின்லேண்டில் இருக்கும் உறவுக்காரருக்குக் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவனிடம் வந்தன. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா குழந்தைவேலு லாங் ஐலண்ட் மர மில்லில் தடி உருட்டிய கூலி. வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் சிவஞானம்தான். மதுரையில் மாமன் வீட்டுக் கொல்லையில் படுத்து பி.ஏ. படித்துவிட்டு, கப்பலேறித் திரும்பி வந்து, போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா ஆனான். ஊரில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பி.ஏ. சார் என்றார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவன் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

1969-ம் வருடம் அக்டோபர் மாதம் ஒரு நாள் காலை, போர்ட் பிளேர்ப் பக்கம் சாத்தம் துறைக்குப் போகும் படகில் லூசி அவனிடம் வந்தாள். மீன் விற்கப் போகிறவள். அவள் புருஷன் சிலுவைராஜ் போன நவம்பரில் காற்றில் சிக்கிக் கடலோடு போனவன். படகின் பலகை மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. அப்போது லூசி ஏழு மாத கர்ப்பம். பிள்ளை பிறந்து சிசிலியா என்று பேர் வைத்து ஒன்பது மாதமாகிவிட்டது.

"முத வருசப் பூசை வருது சார். கார்டு அடிக்கணும். அவுக படம் போட்டு" என்றாள்.

"படம் இருக்கா?"

கூடைக்கு மேல் வைத்திருந்த ஜெபப் புத்தகத்தைத் திறந்து எடுத்தாள். போஸ்ட் கார்டு அளவில் ஒரே ஒரு போட்டோ. மீன்பிடிப் பயிற்சி கொடுக்க மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி எடுத்தது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊரோ, யாருக்கும் தெரியாது.

"இதுதான் சார் இருக்கு. கல்லறைன்னு ஒண்ணு இருந்தா அங்க போயி நிப்பேன். இல்லியே. பிள்ளைக்கு அப்பன்னு காட்ட இத விட்டா வேற கிடையாது. பத்திரம் சார்."

"நான் பாத்துக்கறேன், லூசிம்மா" என்றான் சிவஞானம். படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சிலுவைராஜை அவனுக்குத் தெரியும். மூன்று வருடமாக அதே படகில் வந்தவன்தானே.

போர்ட் பிளேரில் தமிழ் எழுத்து வைத்திருந்த சின்ன அச்சகம் அல்போன்ஸுடையது. காலால் மிதிக்கும் மிஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள் நாலு. எழுத்துக் கோப்பதும் அவர்தான், மிதிப்பதும் அவர்தான், பிழை பார்ப்பதும் அவர்தான். ஆனால் போட்டோவை அச்சடிக்க வேண்டுமென்றால் அதைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் ஆக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்கு மெட்ராஸ்தான். கப்பலில் போய், பிளாக் ஆகி, மறு கப்பலில் வரவேண்டும். அல்போன்ஸ் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"நாளான்னைக்குக் கப்பல். அதுல போனா பூசைக்கு முந்தி வந்துரும். விட்டா அவ்வளவுதான். ஒரு விஷயம் சார். போட்டோ மேலயும் எழுதாதீங்க, பின்னாலயும் எழுதாதீங்க. கிளிப்பும் மாட்டாதீங்க. மெல்லிசுத் தாள் ஒண்ணப் போத்தி, அளவு கிளவு எல்லாம் அதுல எழுதுங்க. கேமராக்காரன் லைட்ட சாய்ச்சு அடிப்பான். நகம் பட்ட மேடு இருந்தாக்கூட மூஞ்சியில தழும்பா விழுந்துரும்."

"தெரியும் அண்ணே. எனக்குச் சொல்லணுமா?"

"சரிதான். நீங்க மெட்ராஸ் பாத்தவுக. நான் கப்பல்துறைய மட்டும் பாத்தவன்" என்று சிரித்தார் அல்போன்ஸ்.

மறுநாள் சிவஞானம் படத்தை அலுவலகத்துக்கே எடுத்துப் போனான். பிளாக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பவேண்டும் என்று அவனுக்கு ஆசை. கையால் தமிழில் எழுதினாலே போதும். அல்போன்ஸ் அப்படித்தான் எழுதுவார். ஆனால் டைப் அடித்த கடிதத்துக்குத்தான் மெட்ராஸில் மரியாதை என்று அவன் நினைத்தான்.

அவன் உட்கார்ந்தது தபால் வரவுப் பிரிவில். மேசைக்கு வரும் எந்தக் காகிதமானாலும் தேதி முத்திரை குத்தாமல் அடுத்த மேசைக்குப் போகக்கூடாது. கடிதம் என்றால் முன்பக்கம் மூலையில் குத்தவேண்டும். இணைப்பு என்றால் புரட்டிப் போட்டுப் பின்பக்கம் நடுவில். முத்திரை பித்தளையில் செய்தது, மரக் கைப்பிடி போட்டது. காகிதத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை. ஓங்கிக் குத்தினால்தான் எழுத்து விழும். அன்று கப்பல் தபால் வந்து மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தலைமை குமாஸ்தா சொக்கலிங்கம் வாசலிலிருந்தே கத்தினார்.

"ஜல்தி பண்ணுய்யா சிவஞானம். சாப் பன்னெண்டு மணிக்குள்ள கேக்கிறாரு."

கை தானாக வேலை செய்தது. கடிதம், குத்து. இணைப்பு, புரட்டு, குத்து. டைப் அடித்து வைத்திருந்த அவனுடைய சொந்தக் கடிதமும் அதோடு சேர்ந்த படமும் மேசை ஓரத்தில்தான் இருந்தன. எப்போது அந்தக் குவியலோடு கலந்தது என்று அவனுக்குத் தெரியாது. குத்திய பிறகு, காகிதம் கையில் தடிப்பாகப் பட்டதால்தான் நின்றான்.

புரட்டிப் பார்த்தான். சிலுவைராஜின் நெற்றியில் தொடங்கித் தாடை வரை ஒரு வட்டம் புடைத்து நின்றது. நடுவில் தேதி, மூக்குக்குக் குறுக்கே. மழைக்கால ஈரத்தில் இளகியிருந்த படத்தின் மேல்பூச்சு அந்த வட்டத்தின் வழியே வெடித்திருந்தது.

யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் சுற்றிப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. அதில் வந்த நிம்மதியை நினைத்துப் பின்னாளில் அவன் பலமுறை கூசியிருக்கிறான். நகத்தால் தேய்த்துப் பார்த்தான். கனமான ரிஜிஸ்டரை மேலே வைத்து அழுத்திப் பார்த்தான். வட்டம் போகவில்லை. நாளைக்குக் கப்பல்.

லூசியிடம் போய்ச் சொல்லலாம். அல்போன்ஸிடம் கேட்கலாம். இரண்டும் தோன்றின. இரண்டுக்கும் கால் எழவில்லை. மெட்ராஸ் கம்பெனிகளில் படத்தைத் திருத்தி எழுதும் ஓவியர்கள் உண்டு என்று அவனுக்குத் தெரியும். பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று அடித்தான். படத்தில் பழுது இருக்கிறது, தயவுசெய்து ஓவியரைக் கொண்டு சரிசெய்யவும் என்று எழுதினான். பழுது எப்படி வந்தது என்று எழுதவில்லை. ஓவியருக்கு ஆள் அடையாளம் தெரியவேண்டுமே என்று ஒரு பத்தி சேர்க்கத் தொடங்கினான். அங்கே மிஷின் நின்றது.

சிலுவைராஜின் முகம் எப்படி இருக்கும்? மூன்று வருடம் தினமும் பார்த்தவனை அவனால் சொல்ல முடியவில்லை. லுங்கி, மீன் வாடை, படகின் பின்பக்கம் குந்தியிருக்கும் ஓர் உருவம். அதற்கு மேல் வரவில்லை. கையிலிருக்கும் படத்தைப் பார்த்தால் வட்டம்தான் தெரிந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் அடித்தான்: முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கண்ணியமான தோற்றமுடைய நபர். ஒழுங்காக வகிடெடுத்து வாரிய தலை. கத்தரித்த மீசை.

அடித்து முடித்துப் படித்தபோது அது நன்றாகவே இருப்பதாகப் பட்டது.

நவம்பரில் கடல் மோசமாகிக் கப்பல் பிந்தியது. ஞாயிறு பூசை என்றால் வியாழன் மத்தியானம்தான் பார்சல் கைக்குக் கிடைத்தது. சிவஞானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடினான். அல்போன்ஸ் எழுத்தெல்லாம் கோத்து, பிளாக்குக்கு மட்டும் இடம் விட்டுக் காத்திருந்தார். பிளாக்கைப் பொருத்தி, மை தடவி, ஒரு புரூஃப் இழுத்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு சார் இது? உங்க ஆபீஸ் ஆளா?"

சிவஞானம் எட்டிப் பார்த்தான். வழுவழுவென்று ஒரு முகம். பக்கவாட்டில் கோடு போட்டதுபோல் வகிடு. பென்சிலால் வரைந்த மெல்லிய மீசை. வட்டம் இருந்த தடமே இல்லை. சிலுவைராஜ் இருந்த தடமும் இல்லை.

"சிலுவைக்கு ஒரு கண்ணு பாதி மூடினாப்பல இருக்கும். வெயில்ல பாத்துப் பாத்து அப்படி ஆனது. புருவத்துல தூண்டி முள்ளு கிழிச்ச தழும்பு. தலை தும்பு பிரிச்ச கயிறு மாதிரி நிக்கும். இது யாரோ முன்சீப்பு மாதிரில்ல இருக்கான்" என்றார் அல்போன்ஸ். பார்சலிலிருந்து மூலப் படத்தை எடுத்தார். அதைத் தடித்த அட்டையில் ஒட்டியிருந்தார்கள். முகத்தின் மேல் சாம்பலும் வெள்ளையுமாகச் சாயம் பூசியிருந்தது. பின்பக்க முத்திரை அட்டைக்குள் போய்விட்டது. முன்பக்க வட்டம் சாயத்துக்குள் போய்விட்டது. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று சிவஞானத்துக்கு உறைத்தது. அந்த எண்ணம் வந்த வேகம் அவனுக்கே பயமாக இருந்தது.

"மெட்ராஸ்காரன் கெடுத்துட்டான் அண்ணே" என்றான்.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் லூசி படியேறி வந்தாள். கார்டு பார்க்க வந்திருந்தாள். காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புரூஃபை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்பதுபோல் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"இது அவுக இல்ல" என்றாள்.

தாளை மேசையில் வைத்தாள்.

"வேற யாரு படமோ மாறி வந்துருச்சு சார். நம்ம படம் எங்க?"

அல்போன்ஸ் அட்டையை நீட்டினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. விரல் நுனியால் அந்த வகிட்டைத் தொட்டாள்.

"மேல சாயம்தான் பூசியிருக்கான் தாயி. தண்ணிச் சாயம். ஈரப் பஞ்சால பதமா ஒத்தி எடுத்தா போயிரும். அடியில அவன் மூஞ்சி அப்படியேதான் இருக்கும். கார்டுக்கு முடியாட்டியும் படமாவது மிஞ்சும்ல. இரு, நான் இப்பவே..." என்று அல்போன்ஸ் பஞ்சைத் தேடி இழுப்பறையைத் திறந்தார்.

"வேண்டாம்!" என்றான் சிவஞானம். குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்தது. "ஈரம் பட்டா போட்டோவே உரிஞ்சு வந்துடும். கெமிக்கல் அது. இருக்கிறதும் போயிடும்."

அல்போன்ஸ் இழுப்பறையில் கை வைத்தபடியே நின்றார். அவனைப் பார்த்தார். இருபது வருடம் மை தொட்ட ஆளுக்குத் தெரியாத கெமிக்கல் எதுவும் சிவஞானத்துக்குத் தெரியாது. அது இருவருக்கும் தெரியும். ஆனால் லூசி பயந்துபோய் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணாச்சி, விடுங்க. படிச்சவுக சொல்றாகள்ல."

அல்போன்ஸ் இழுப்பறையைச் சாத்தினார். "படிச்சவுக சொன்னா சரிதான்" என்றார்.

பிளாக் இருந்த இடத்தில் ஒரு சிலுவை அலங்காரத்தை வைத்து, படமில்லாமலே கார்டு அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாம்பூஃப்ளாட் மாதா கோவிலில் பூசை நடந்தது. சிவஞானம் இந்து. ஆனாலும் லூசி கேட்டுக்கொண்டதால் போனான். கார்டு செய்ய அலைந்தவன் என்று அவனை முன்வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பூசை முடிந்து வெளியே வந்த சனமெல்லாம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"படம் போடுறதாச் சொன்னீகளே?"

"போட்டதுதான். மெட்ராஸ்ல ஒரு குருட்டுப்பய கெடுத்துப்புட்டான். பாவம், பி.ஏ. சாருக்குத்தான் வீண் அலைச்சல்" என்று லூசி ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

சிவஞானம் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அந்த வாரம் முழுக்கத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டான். ஒரு படம்தானே, வேண்டுமென்றா செய்தேன்? வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பஞ்சைத் தடுத்தது வேண்டுமென்று செய்ததுதான். கைதவறியதற்கு ஒரு நாள் வெட்கப்பட்டிருந்தால் போதும். அதை மறைத்ததில் அந்த வெட்கம் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. அவன் படித்த படிப்பில் இதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்று தோன்றியது. பிறகு, இதற்கும் படிப்பைக் குறை சொல்கிறேனே என்று அதற்கும் வெட்கப்பட்டான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் லூசி ஆள் அனுப்பினாள். போனான். தகரக் கூரை வீடு. பிள்ளை தூளியில் தூங்கியது. அட்டையைச் சுவரோரம் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"ஒரு கடிதாசி எழுதணும் சார். அந்தக் கம்பெனிக்கு. இங்கிலீசுலயே எழுதுங்க, அப்பத்தான் ரோசம் வரும். நான் சொல்றேன்."

"என்ன எழுதணும்?"

"எழுதுங்க. ஏலே, ஒனக்குக் கண்ணு பொட்டையா? ஒருத்தி தாலியறுத்து அனுப்பின படத்துல ஒனக்கு என்னலே வெளையாட்டு? ஒன் வீட்டுப் பொம்பளக்கு நாளைக்கு இப்படி வந்தா, ஒன் மூஞ்சிய மாத்தி எவனாச்சும் எழுதிக் கொடுத்தா அவ என்ன செய்வா? எழுதுனீகளா?"

"எழுதறேன்."

அவன் எழுதியிருந்தது, தங்கள் வேலை திருப்தியாக இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்ற ஒரே வரி.

"இன்னும் இருக்கு. எழுதுங்க. செஞ்சது தப்புன்னா தப்புன்னு ஒரு வார்த்தை எழுதிப் போட ஒனக்குக் கை வரலையா? சாயத்தப் பூசி மறைச்சா தெரியாமப் போயிருமா? கடல்ல போனவுகளுக்கே ஒரு மரியாத இல்லையா..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சார், எழுதலையா? நான் வேகமாச் சொல்றேனோ?"

பேனா நின்றுவிட்டிருந்தது. சிவஞானம் அதை மூடிக் கீழே வைத்தான்.

"லூசிம்மா, ஒரு கிண்ணத்துல தண்ணி கொடுங்க. கொஞ்சம் பஞ்சு இருந்தா..."

"எதுக்கு?"

"படத்தைத் துடைக்கணும்."

"உரிஞ்சு வந்துரும்னீக!"

"வராது. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். புரிந்துகொள்ளாத பார்வை. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்தாள். பழைய தலையணையின் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சு எடுத்தாள். அவன் அட்டையை மடியில் வைத்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, வகிட்டில் தொடங்கி ஒத்தினான். பஞ்சு சாம்பலாயிற்று. இன்னொரு பஞ்சு. மெல்லிய மீசை போனது. அதன் அடியிலிருந்து முரட்டு மீசை வந்தது. பாதி மூடிய கண் வந்தது. புருவத்துத் தழும்பு வந்தது. எங்கும் படியாத தலைமுடி வந்தது. லூசி மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. கூடவே வட்டமும் வந்தது. வெடிப்புகளில் சாம்பல் சாயம் தங்கி, முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

"இது என்ன சார், வட்டமா?"

"எங்க ஆபீஸ் சீல். நான்தான் குத்தினேன். தபாலோட தபாலா... பார்க்காம. அதை மறைக்கத்தான் மெட்ராஸ்ல சாயம் பூசச் சொல்லி எழுதினேன். அவங்க மேல தப்பில்லை."

தூளி ஒருமுறை அசைந்து நின்றது.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பூசையில எம் பக்கத்துலதான நின்னீக."

அவன் தலையசைத்தான்.

"நான் அந்த மெட்ராஸ்காரன வாய்க்கு வந்தபடி திட்டும்போது கேட்டுக்கிட்டே நின்னீக."

அதற்கும் தலையசைத்தான். அவள் கையை நீட்டி அட்டையை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். காதோரம் இன்னும் கொஞ்சம் சாயம் இருந்தது. அவன் பஞ்சை நீட்டினான். அவள் வாங்கவில்லை. தன் முந்தானை நுனியை நனைத்துத் தானே துடைத்தாள். ரொம்ப மெதுவாக, தூங்குகிற ஆளின் முகத்தைத் துடைப்பதுபோல.

சிவஞானம் எழுந்தான். வாசல்வரை போய்விட்டான். பின்னாலிருந்து லூசி, அவனிடம் என்றில்லாமல், படத்திடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"சீலு குத்துனது சரி. கை தவறிப்போச்சு. ஆனா அவன் எதுக்கு இவுகளுக்கு வகிடு எடுத்து விட்டான்? கல்யாணத்தன்னைக்கே சீப்புல ரெண்டு பல்ல ஒடைச்ச தலை இது."

அவன் அப்படியே போய்விட்டிருக்கலாம். இதை யாரும் அவன்மேல் போட முடியாது. ஓவியனுக்கு ஏதோ தோன்றியது என்று விட்டுவிடலாம். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதுவும் நான் எழுதினதுதான்" என்றான். "தலை வகிடெடுத்து வாரியிருக்கும்னு. மீசை கத்தரிச்சிருக்கும்னு."

லூசி நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

"ஏன் சார்? இவுக இருந்தபடி எழுத உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். முகம் ஞாபகம் வரவில்லை என்பதுதான் உண்மை என்று சொல்லவும் நினைத்தான். ஆனால் ஞாபகம் வராத இடத்தில் அவன் கை தானாக அடித்தது ஒரு குமாஸ்தாவின் தலையை. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியும்போது, என்ன சொல்வது?

"ஆமா" என்றான்.

அவள் மறுபடி படத்தைக் குனிந்து பார்த்தாள். "சரி, போங்க" என்றாள். "கதவச் சாத்தாதீங்க. இது காயணும்."

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவன் படியிறங்கினான்.